பாலம் தாண்டாத ரேடியோ

— அதெல்லாம் முடியாதும்மா. யாரோ வந்து சொன்னாங்கன்னு ஒலிபரப்பான நிகழ்ச்சியை அழிக்க ஆரம்பிச்சா, நாளைக்கு வாசல்ல வரிசையே நிக்கும்.

— நிக்கட்டும் வக்கீலம்மா, வரிசையில மொதல்ல வந்தவ நான். எனக்கு மட்டும் எடுத்துடுங்க. இந்த வாரம் உங்க சட்ட நிகழ்ச்சியில ஒருத்தி ஃபோன்ல பேசினாளே, குசுகுசுன்னு. அது மட்டும் போதும்.

— முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது கிரீச்சுன்னு சத்தம் போடும். இதுல உக்காருங்க. ஃபேன் போட முடியாது, கோவிச்சுக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அடுத்த பதிவு இருக்கு.

— இதுதான் ரேடியோ ஸ்டேஷனா? செவுரு பூரா முட்டை அட்டையா இருக்கு. கேக்குறப்போ நீங்க ஏதோ மாளிகையில உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்.

— கேக்குறவங்களுக்கு மாளிகை, எங்களுக்கு எதிரொலி அடங்க ஒட்டின முட்டை அட்டை. சொல்லுங்க. அந்தப் பேச்சு உங்களை என்ன பண்ணுச்சு?

— பேசினது எம் மருமக.

— ஓ.

— அந்த 'ஓ'வுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். மாமியார்க்காரி கிளம்பி வந்துட்டா. அதானே?

— நான் ஒண்ணும் சொல்லலையே.

— வாய் சொல்லல. மூஞ்சி சொல்லுது.

— சரி, வாயாலயே சொல்லிடறேன். உங்களை மாதிரி இங்க நிறைய பேர் வந்திருக்காங்க. குடும்ப மானம் கப்பலேறிப் போச்சு, எடுத்துடுங்கன்னு கையைப் பிடிப்பாங்க. பேசினவங்களே வந்து கேட்டா அடுத்த நிமிஷம் எடுத்துடுவேன். மாமியார் கேட்டா எடுக்க மாட்டேன். இது நிலையத்தோட சட்டம், புரியுதா? அதுவும் போக, நாங்க யார் பேரையும் சொல்லல, தெருவைச் சொல்லல. அது உங்க மருமகதான்னு உங்களுக்கு யார் சொன்னா?

— கடிகாரம் சொல்லுச்சு.

— எது?

— கேளுங்க. எங்க வீட்ல ஒரு செவுத்துக் கடிகாரம் இருக்கு. எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப ஒரு நாள் கோவத்துல அதைத் தூக்கி அடிச்சாரு. அன்னையிலேருந்து எப்பவும் ஒண்ணு கூடத்தான் அடிக்கும். நாலு மணின்னா அஞ்சு அடிக்கும். அவ பேசிட்டு இருக்கும்போது பின்னாடி மணி அடிச்சுது பாருங்க. 'நாலு மணி ஆச்சு, சீக்கிரம் சொல்லுங்கம்மா'ன்னு நீங்க சொல்றீங்க. அடிச்சது அஞ்சு.

— அடடா. அந்த மணிச் சத்தத்தை நான் வேணும்னேதான் விட்டேன். ஒரு வீட்டுக்குள்ள இருந்து பேசுற மாதிரி இயல்பா இருக்கேன்னு. பேரு, ஊரு எல்லாத்தையும் தேடித் தேடி வெட்டினேன். மணியை வெட்டணும்னு தோணவே இல்ல.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டுச் சத்தம் அந்த வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

— அவ்வளவு உன்னிப்பா உக்காந்து கேட்டீங்களா?

— நானும் அவளும் சேந்துதான் கேட்டோம். எப்பவுமே சேந்துதான் கேப்போம். ரேடியோவைத் தூக்கி அவளுக்கு வலது பக்கம் வெச்சிடுவேன். இடது காது கேக்காது அவளுக்கு. ரேடியோவுல மணி அடிக்குது, செவுத்துல அடிக்கல. நான் செவுத்தைப் பாத்தேன். அவ தரையைப் பாத்தா. நிகழ்ச்சி முடிஞ்சதும் 'அத்த, காயப்போட்ட துணி எடுத்துட்டு வரேன்'னு மாடிக்குப் போயிட்டா. துணியெல்லாம் மத்தியானமே எடுத்து மடிச்சாச்சு.

— அந்தக் காது... பொறந்ததுல இருந்தே கேக்காதா?

— எம் மகன் போன தடவை லீவுல வந்துட்டுப் போனதுல இருந்து.

— அம்மா, நான்...

— இப்ப சொல்லுங்க, நான் மானத்துக்கா வந்திருக்கேன்? மானம் போய் ரொம்ப நாளாச்சு. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குது.

— மன்னிச்சுக்குங்க. அவசரப்பட்டுப் பேசிட்டேன். ஆனா அப்ப எதுக்கு எடுக்கச் சொல்றீங்க? அவங்க கேட்டது நியாயமான கேள்விதானே?

— கேள்வி நியாயம். கேட்ட இடம்தான் தப்பாப் போச்சு. அவ என்ன நெனச்சா தெரியுமா? உங்க ரேடியோ பாலம் வரைக்கும்தான் கேக்கும்னு நெனச்சா. பஸ்சு பாலத்துல ஏறும்போதே கொரகொரன்னு ஆயிடும். அந்தப் பக்கம் இறங்கினா வேற ஏதோ ஸ்டேஷன் பாட்டு வந்துடும். எம் மகன் இருக்கறது ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல போற தூரம், துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான். அவனுக்கு எங்க கேக்கப் போகுதுன்னு தைரியமாக் கேட்டுட்டா.

— அவங்க நெனச்சது சரிதானே? எங்க டவர் சின்னது, பாலத்தைத் தாண்டாது. இருங்க... நாங்க நெட்ல போடறோமே, அந்த பாட்காஸ்ட்டா?

— அதான்! அந்த வார்த்தைதான் வாயில நுழைய மாட்டேங்குது. அந்தப் பாழாப்போனதுதான். வாரா வாரம் அவன் ஃபோன்ல தானா வந்து விழுது.

— சப்ஸ்கிரைப் பண்ணி வெச்சிருக்காரா?

— அவன் பண்ணல. நான்தான் பண்ணி வெச்சேன்.

— நீங்களா!

— அவன் ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள். ஃபோன் கண்ணாடி ஒடஞ்சிருச்சுன்னு கடையில குடுத்திருந்தான், போய் வாங்கிட்டு வான்னு என்னை அனுப்பினான். நான் கடைக்காரர்கிட்ட கேட்டேன், 'ஏம்ப்பா, நம்ம ரேடியோவுல சட்டம் சொல்ற நிகழ்ச்சி வருதே, அது இந்த ஃபோனுக்கு தூரத்துல இருந்தாலும் வருமா?'ன்னு. அவர் என்னமோ தேடி ஒரு மணிப் படத்தை அமுக்கினாரு. 'முடிஞ்சுதும்மா, இனி உங்க மகன் எந்த மூலையில இருந்தாலும் இது விடாது'ன்னாரு. விடாதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டு வந்தேன்.

— ஆனா எதுக்கும்மா?

— புத்தி வரும்னுதான். பெத்தவ சொல்லிக் கேக்கல. பெரியவங்க நாலு பேர் வந்து சொல்லிக் கேக்கல. சட்டம் சொன்னா பயந்தாவது கேப்பான்னு ஒரு நப்பாசை. பொண்டாட்டி மேல கை வெச்சா என்ன ஆகும்னு நீங்கதான் புட்டுப் புட்டு வைப்பீங்களே.

— கேட்டாரா?

— விடாமக் கேட்டான். ஒரு வாரம் தவற விட்டதில்ல. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் ஃபோன்ல சொல்றான், 'நல்ல நிகழ்ச்சிம்மா. எந்தக் காயத்துக்குக் கேஸ் நிக்கும், எதுக்கு நிக்காதுன்னு தெளிவாச் சொல்றாங்க'ன்னு.

— கடவுளே.

— வேலியில போன ஓணானை மடியில கட்டிக்கிட்ட கதை. நானே கட்டிக்கிட்டேன், யாரைச் சொல்ல?

— அது உங்க தப்பு இல்லம்மா. அதைச் சொல்லிக் குடுத்தது நான்.

— இப்ப யார் தப்புன்னு பங்கு போட நேரமில்ல. வேலை நாள்ல அவன் கேக்க மாட்டான், லீவு அன்னிக்குத்தான் படுத்துக்கிட்டுக் கேப்பான். நாளைக்கு லீவு அவனுக்கு. இன்னிக்கே எடுத்துட்டீங்கன்னா தெரியாமலே போயிடும். மணிச் சத்தம் அவன் காதுல விழக்கூடாது. அந்தக் கடிகாரம் ஒடஞ்ச அன்னிக்கு அவன் சின்னப் பையன். என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவை அது கூட ஒண்ணு அடிக்கும்போதும் அழுவான். அந்த மணியை அவன் சாகற வரைக்கும் மறக்க மாட்டான். அப்படிப் பயந்த புள்ளைம்மா அது. இப்ப பாருங்க.

— உங்க மருமககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா? நம்பர் இருக்கு என்கிட்ட.

— வேணாம், வேணாம். யாருக்கும் தெரியாம ஒரு காரியம் பண்ணிட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. நேத்து ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டா. அதுல மண்ணைப் போட்டுடாதீங்க.

— உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லக்கூடாது, ஆனா சொல்லாம அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது. அவங்க பேசினதுல நான் வெட்டின ஒரு பகுதி இருக்கு.

— என்னத்த வெட்டினீங்க?

— 'வீட்டு ஆளு ஒருத்தங்க வருவாங்க, வந்தா கை நீட்டுவாங்க, உள்ள விடாம இருக்க சட்டத்துல இடம் இருக்கா'ன்னு கேட்டாங்க இல்லையா? வீட்டு ஆளுன்னா யாருன்னு நான் எவ்வளவோ கேட்டும் சொல்லல. சரி, வீடு யார் பேர்ல இருக்குன்னு கேட்டேன். 'எங்க அத்தை பேர்ல'ன்னாங்க.

— என் பேர்லதான். இஸ்திரி போட்டுச் சேத்துக் கட்டின வீடு. புருஷன் பேர்ல எழுதச் சொல்லி எல்லாரும் ஒத்தக் கால்ல நின்னாங்க, நான் எழுதல. வாழ்க்கையில நான் பண்ணின ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

— 'அப்ப ரொம்பச் சுலபம்மா, உங்க அத்தை ஒரு மனுவுல கையெழுத்துப் போடட்டும், அந்த ஆளு வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு கோர்ட்ல உத்தரவு கேக்கலாம்'னேன். அதுக்கு அவங்க...

— சொல்லுங்க. எதுக்கு நிறுத்துறீங்க?

— 'அது மட்டும் வேணாம் மேடம். அவங்க பெத்தவங்க. மகனுக்கு எதிரா அவங்களைக் கொண்டுபோய் நிக்க வைக்க மாட்டேன். அவங்களைக் கேக்காம வேற வழி இருந்தா சொல்லுங்க'ன்னாங்க. வேற வழி சுத்து வழி, நாளாகும்னேன். 'ஆகட்டும், அது வரைக்கும் நான் தாங்கிக்கிறேன்'னு சொல்லி வெச்சுட்டாங்க. அத்தைங்கிற வார்த்தை வந்தா அடையாளம் தெரிஞ்சுடும்னுதான் அவ்வளவையும் வெட்டினேன்.

— தண்ணி இருக்கா?

— இந்தாங்க. மெதுவாக் குடிங்க.

— பைத்தியக்காரி. காது போய் உக்காந்திருக்கா, என் மனசு நோகக்கூடாதாம். அந்த நேரத்துல பக்கத்து ரூம்ல நான் மத்தியானத் தூக்கத்துல இருப்பேன் வக்கீலம்மா. நான் முழிச்சுக்கக் கூடாதுன்னுதான் குசுகுசுன்னு பேசியிருக்கா.

— சரி. நிலையத்து சட்டம் கிடக்கட்டும். எடுத்துடறேன். இதோ... இதை அமுக்கினா... போச்சு. இனி யார் தேடினாலும் கிடைக்காது.

— நெஜமாவே போயிடுச்சா?

— இங்கிருந்து போயிடுச்சு. அவர் ஏற்கனவே தன் ஃபோன்ல இறக்கி வெச்சிருந்தா அது அங்கயே இருக்கும். அதுல நான் கை வைக்க முடியாது.

— அவன் அப்படியெல்லாம் இறக்கி வைக்கிற ஆள் இல்ல. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். நான் கிளம்பு... இருங்க இருங்க, என் ஃபோன்தான் அடிக்குது. ஐயோ. அவன்தான்.

— எடுங்க. பதறாமப் பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்குறேன்.

— எப்பவும் ஸ்பீக்கர்தான், காதுல வெச்சா எனக்குப் பேச வராது. ஹலோ! என்னப்பா?

— அம்மா, சாப்டியா?

— ஆச்சுப்பா. என்ன இந்த நேரத்துல? வேலைக்குப் போகலையா?

— கிரேன் ரிப்பேர்மா. காலையில இருந்து சும்மாதான் உக்காந்திருக்கேன். நீ எங்க இருக்க? ஒரு சத்தத்தையும் காணோம்.

— ஆஸ்பத்திரியில. முட்டி வலின்னு காட்ட வந்தேன்.

— உடம்பைப் பாத்துக்க. ஆமா, நம்ம வீட்டுக் கடிகாரம் எப்படி இருக்கு?

— கடிகாரத்துக்கு என்ன, செவுத்துல தொங்குது.

— இன்னும் ஒண்ணு கூடத்தான் அடிக்குதா? சும்மாதான் கேட்டேன்.

— அது... அதைச் சரி பண்ணியாச்சு. எப்பவோ.

— அப்படியா? ஏன் கேக்குறேன்னா, காலையில நம்ம ஊரு ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தேன். எவளோ ஒருத்தி குசுகுசுன்னு பேசுறா. வக்கீல் நாலு மணிங்குது, பின்னாடி அஞ்சு அடிக்குது. பாதியில ஃபோர்மேன் கூப்பிட்டாரு, போயிட்டேன். இப்ப வந்து மறுபடி கேக்கலாம்னு தேடினா நிகழ்ச்சியையே காணோம். வேடிக்கையா இல்ல?

— நீ எதையோ கேட்டுட்டு...

— அம்மா, நான் கோவப்படவே இல்ல. நாளைக்கு லீவோட இன்னும் ரெண்டு நாள் சேத்துச் சொல்லிட்டேன், ராத்திரி ரயிலுக்கு வரேன். சும்மாதான், உங்களையெல்லாம் பாத்து நாளாச்சே. அவகிட்ட சொல்லாத. திடீர்னு வந்து நின்னா சந்தோஷப்படுவா.

— டேய்.

— என்னம்மா?

— அது நான்டா.

— எது நீ?

— ரேடியோவுல பேசினது. நான்தான்.

— சும்மா இரும்மா. உன் குரல் எனக்குத் தெரியாதா?

— குசுகுசுன்னு பேசினா குரலுக்கு என்னடா அடையாளம்? உங்கப்பா தூங்கினதுக்கு அப்புறம் நான் அப்படித்தான் பேசிக்கிட்டிருந்தேன். நீ சின்னப் பையன், மறந்திருப்ப.

— அவ புருஷனைப் பத்தித்தானே பேசினா.

— புருஷன்னு ஒரு வார்த்தை வந்துச்சா? நல்லா யோசிச்சுப் பாரு. 'வீட்டு ஆளு'ன்னுதான் சொன்னேன். பெத்த மகன்னு சொல்ல வாய் வரல, அதான்.

— அவதான் உனக்குச் சொல்லிக் குடுத்தாளா?

— அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ பாட்டுக்கு வீட்டு வேலையைப் பாத்துக்கிட்டு இருக்கா. வீடு என் பேர்ல இருக்கு. கையெழுத்து என்னோடது. நீ வந்தா கதவு திறக்காது.

— பெத்த தாய் பேசுற பேச்சா இது?

— பெத்ததாலதான்டா பேசுறேன்.

— சரி. நாளைக்குக் காலையில வந்து பேசிக்கலாம். அவ கிடக்கட்டும். உன்கிட்டயே பேசிக்கிறேன்.

— அம்மா? வெச்சுட்டாரா?

— வெச்சுட்டான். சாப்டியான்னு கேட்டான் பாத்தீங்களா? எப்பவும் கேப்பான். மொதல்ல அதைத்தான் கேப்பான்.

— அழுங்கம்மா, பரவாயில்ல. அவர் நம்பிட்டாரா?

— பாதி நம்பியிருப்பான். ஆனா 'அவ கிடக்கட்டும்'னான். அது போதும் எனக்கு.

— கோவம் இப்ப உங்க பக்கம் திரும்பியிருக்கு. அது விளையாட்டு இல்ல.

— அவங்கப்பன்கிட்டப் பட்ட உடம்புதானே இது.

— அப்படிப் பேசாதீங்க. இனி ஒரு அடி கூட விழக்கூடாது, உங்களுக்கும்தான். எழுந்திருங்க, இப்பவே போய் மனுவைக் குடுத்துடலாம். நானே கூட வரேன். போலீஸ்லயும் சொல்லி வெச்சுடலாம்.

— வரேன். எங்க சொல்றீங்களோ அங்க கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. இப்ப நீங்க எடுத்தீங்களே, அந்த இடம் காலியாத்தானே கிடக்கு? அவன் ரயில்ல உக்காந்துக்கிட்டு மறுபடியும் தேடுவான். நாளைக்கு வேற கதை கட்டிக்கிட்டு அவ மேல பாய்வான். அவன் தேடுற எடத்துல நான் இருக்கணும். இந்த மைக்குல பேசினா அவன் ஃபோன்ல போய் விழுமா?

— விழும். இப்ப போட்டா இப்பவே விழும். ஆனா நல்லா யோசிச்சுக்குங்க. இது பாலத்தோட நிக்காது, தாண்டிடும். ஊர் உலகமெல்லாம் கேக்கும்.

— தாண்டட்டும். அவன் ஃபோன்ல நான் போட்டு வெச்ச மணிதானே, என் குரலையும் கொண்டுபோகட்டும்.

— சரி, கிட்ட வாங்க. பேரு சொல்ல வேணாம். அந்தச் சிவப்பு லைட்டு எரிஞ்சதும் ஆரம்பிங்க. கத்த வேண்டியதில்ல, மெதுவாப் பேசினாலே மைக் வாங்கிக்கும்.

— மெதுவாப் பேசினதெல்லாம் போதும் வக்கீலம்மா. எரியுதா?

— எரியுது.

— வணக்கம்ங்க. எம் மகன் வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கான். வந்தா கை நீட்டுவான். பெத்தவ நான் கேக்குறேன், அவனை உள்ள விடாம இருக்க சட்டத்துல எனக்கு இடம் இருக்கா?